மான் வீட்டுக் கல்யாணப் புள்ளி

விலங்குகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மான்களுக்கு உடம்பில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. வெறும் பழுப்பு நிறம்தான். அதிலேயே அவற்றுக்கு ஏகப்பட்ட பெருமை.

ஒருநாள் வடிவு என்ற மானின் வீட்டில் கல்யாணம். மணப்பெண்ணான இளைய மகள் செங்கமலம் விடியும்போதே காய்ச்சலோடு எழுந்தாள். மார்பிலும் முகத்திலும் முதுகிலும் கொப்புளங்கள். அரிப்புத் தாங்காமல் அவள் முதுகைத் தேய்த்த தேய்ப்பில் பந்தல்கால் ஒரு பக்கம் சாய்ந்தது.

கல்யாணம் நின்றால் சம்பந்தி வீட்டார் சும்மா விடுவார்களா? வடிவு யோசித்தாள். யோசிக்காமலே இருந்திருக்கலாம். சுண்ணாம்பில் வேலம்பிசினைக் குழைத்து, வாசலில் சந்தனத்துக்குப் பதிலாக வைத்து, வந்தவர்கள் உடம்பிலெல்லாம் புள்ளி வைக்கச் சொன்னாள்.

"இதென்ன சம்பந்தியம்மா, புதுசா இருக்கு?" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

"எங்க குடும்ப வழக்கம்ங்க," என்று கூசாமல் புளுகினாள் வடிவு.

எல்லோரும் புள்ளியும் தாங்களுமாகத் திரிந்ததால் செங்கமலத்தின் கொப்புளம் யார் கண்ணிலும் படவில்லை. சாப்பிட வந்த கொக்கு வைத்தியர் மட்டும் சாய்ந்த பந்தல்காலை ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"யாரோ அரிப்புல தேய்ச்சிருக்காங்க. இங்க அம்மை புகுந்திருக்கு. பிள்ளைத்தாச்சி யாரும் கிட்ட வரக்கூடாது. தாய்க்கும் ஆபத்து, குட்டிக்கும் ஆபத்து," என்று வடிவின் காதோடு சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மூத்த மகள் அல்லி, நிறைமாத வயிற்றோடு, வாசலில் புள்ளி வாங்கிக்கொண்டு தங்கையைக் கொஞ்ச ஓடி வந்தாள். வடிவுக்கு மானமும் கல்யாணமும் மறந்துபோயின.

"நில்லுடி அல்லி! வெளிய போ! உன் தங்கச்சிக்கு அம்மைடி!"

பந்தலில் ஒரே அலறல். யார் புள்ளி அம்மை, யார் புள்ளி சுண்ணாம்பு என்று தெரியாமல் ஒருவரைக் கண்டு ஒருவர் ஓடினார்கள்.

கொக்கு ஒவ்வொருவராகப் பார்த்தார். "சுண்ணாம்பு எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. அம்மைன்னா உள்ள நீர் கோத்திருக்கும், சுத்திச் சிவந்திருக்கும். ஒண்ணு காயும்போதே இன்னொண்ணு கிளம்பும்."

"எனக்கும் அரிக்குதே வைத்தியரே!" என்று கத்தினாள் மாப்பிள்ளையின் தாய்.

"எறும்புப் புத்து மேல நிக்கிறீங்க, தள்ளி நில்லுங்க."

அதோடு விடாமல், "பொண்ணோட அம்மையை மறைச்சு எங்களை ஏமாத்தப் பார்த்தீங்களா?" என்று மாப்பிள்ளையின் தாய் வடிவிடம் எகிறினாள். கொக்கு அதற்குள் மாப்பிள்ளையின் மாலையை ஒதுக்கிப் பார்த்துவிட்டார். மார்பில் உதிரப்போகும் பொருக்குகள்.

"இவருக்குத்தான் முதல்ல வந்திருக்கு. தம்பி, புள்ளி தெரியறதுக்கு முன்னாடியே இது ஒட்டிக்கும். கொஞ்ச நாளைக்கு முன்ன பொண்ணைத் தனியா பார்த்தீங்களா?"

"ஓடைப் பக்கம்... தண்ணி குடிக்கப் போனேன்," என்று மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அவர் தாய் அவசரமாக மாலையை இழுத்து அவர் மார்பை மூடினாள்.

கல்யாணம் தள்ளிப்போனது. "இனி உங்க தோலை நம்ப முடியாது, வாசலாவது உண்மை சொல்லட்டும்," என்று கொக்கு வடிவின் வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார். பிசின் போட்ட புள்ளியோ, தேய்த்தும் போகவில்லை, குளித்தும் போகவில்லை. அல்லிக்கு நல்லபடியாகக் குட்டி பிறந்தது. பார்த்தவர்கள் அலறினார்கள், அதன் உடம்பெல்லாம் புள்ளி! கொக்கு பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீரும் இல்லை, சிவப்பும் இல்லை. எல்லாம் பாட்டி வச்ச புள்ளி." வடிவு குட்டியை நக்கி நக்கி அழுதாள், சிரித்தாள்.

அன்று முதல்தான் மான்குட்டி புள்ளியோடு பிறக்கிறது; அம்மை கண்ட வீடு, யாரும் கேட்பதற்கு முன்பே, வாசலில் வேப்பிலையைச் செருகி உண்மையைச் சொல்லிவிடுகிறது.