ஒரு கார்டும் வாங்காத அணி

"எந்த டீமை எடுத்தாலும் பதினோரு பேரும் ரவுடிங்கக்கா" என்றாள் மாதங்கி. "கோல்கீப்பரையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

செலஸ்டின் பூட்ஸ் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரிப் பெண்கள் கால்பந்துப் போட்டிகளில் அவள்தான் ரெஃப்ரி. மாதங்கி அவளிடம் விசில் ஊதக் கற்றுக்கொள்ள வந்தவள். விசில் இன்னும் கைவரவில்லை. வாதம் வரும்போதே கைவசம் இருந்தது.

எந்த அணியில் யார் மஞ்சள் கார்டு வாங்கினாள், யார் சிவப்பு வாங்கினாள், எந்தக் கல்லூரி தண்டித்தது, எந்தக் கல்லூரி கண்டும் காணாமல் விட்டது என்று சீசன் முழுக்க மாதங்கிதான் குறித்துவந்தாள். ஒழுங்குக் கமிட்டி கொடுத்த வேலை.

குறிக்கக் குறிக்க ஆத்திரம் ஏறியது.

ஒருத்தி எதிரணிப் பெண்ணின் தோளைக் கடித்திருந்தாள். இன்னொருத்தி லைன் ரெஃப்ரியின் கொடியைப் பிடுங்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியிருந்தாள். அவளுடைய கல்லூரி முதல்வர் அதைக் குறும்பு என்று எழுதி அனுப்பியிருந்தார்.

"இதுங்கல்லாம் படிக்க வந்ததுங்களாக்கா?"

செலஸ்டின் அடுத்த பூட்ஸைக் கழற்றினாள்.

ஒரே ஒரு அணிதான் ஒரு கார்டும் வாங்கவில்லை. சங்கம்பாடிக் கல்லூரி. தள்ளிவிட்டால் எழுந்துகொள்வார்கள். விசில் ஊதினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். தப்பான பெனால்டி கொடுத்தபோதுகூட ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

மாதங்கி ஒரு தாளை நீட்டினாள். கோடை முகாமில் எல்லாக் கல்லூரி அணிகளையும் சங்கம்பாடியின் கோச்சிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவள் யோசனைதான். கமிட்டி ஒத்துக்கொண்டுவிட்டது. ரெஃப்ரியின் கையெழுத்து மட்டும் பாக்கி.

"போடுங்கக்கா."

"பேனா இல்லையே."

"நான் தர்றேன்."

"நாளைக்கு அவங்க மேட்ச் இருக்கு. வந்து லைன்ல நில்லு. அப்புறம் பார்ப்போம்."

எல்லாம்தான் குறித்தாகிவிட்டதே, நேரில் பார்க்க இன்னும் என்ன இருக்கிறது என்று மாதங்கி வெகுநேரம் வாதாடினாள். செலஸ்டின் சாக்ஸை உதறினாள். புழுதி முழுக்கத் தாளின் மேல் விழுந்தது.

மறுநாள் முதல் பாதியில் சங்கம்பாடி ஒரு தவறும் செய்யவில்லை. லைனில் நின்ற மாதங்கிக்குக் கொடி பிடித்த கை வலித்ததுதான் மிச்சம்.

இடைவேளையில் மாதங்கி நடுக்கோட்டுக்கு வந்தாள். ஜெயித்த முகம்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அந்த ஆறாம் நம்பர் நல்லா ஆடறா. போய் முதுகுல தட்டிக்கொடுத்துட்டு வாடி."

சங்கம்பாடிப் பெண்கள் பெஞ்சுக்கு முன்னால் வரிசையாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கோச் டீ குடிக்கப் போயிருந்தார். ஆறாம் நம்பர் வரிசையின் கடைசியில் நின்றாள்.

மாதங்கி சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள்.

அந்தப் பெண்ணின் முழங்கை சட்டென்று முகத்துக்குக் குறுக்கே வந்தது. கண்கள் இறுக மூடிக்கொண்டன. பாட்டில் விழுந்து உருண்டது.

"சாரி மேடம். இனிமே செய்ய மாட்டேன்."

எதை என்று அவள் சொல்லவில்லை.

மாதங்கியின் கை அப்படியே நின்றது. அசைத்தால் இன்னும் பயந்துவிடுவாளோ என்று இறக்கவும் பயமாக இருந்தது. வரிசையில் மற்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரி எழுந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

பிறகு ஆறாம் நம்பருக்குப் பக்கத்தில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் முறைக்காகக் காத்து நின்றாள்.

மாதங்கி நடுக்கோட்டுக்கு எப்படித் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது.

செலஸ்டின் கையில் பேனா இருந்தது.

"அந்தத் தாளைக் கொண்டா. எந்த இடத்துல போடணும்?"