நாற்பது பேரைச் சுட்ட துப்பாக்கி

"எங்க தாத்தா இதால நாப்பது வெள்ளைக்காரனைச் சுட்டார்!" பழைய ராணுவத் துப்பாக்கியை விருந்தாளிகளிடம் தூக்கிக் காட்டினார் ஜமீன்தார் வீரபூபதி.

"எந்தத் தோட்டா போட்டு?" என்று கேட்டுவிட்டார் விருந்துக்கு வந்த கர்னல்.

ஜமீன்தாருக்குத் தெரியவில்லை. துப்பாக்கிகளைத் துடைக்கும் பாவாயியைக் கூப்பிட்டு, தோட்டாப் பெட்டியை அவள் முன்னால் கவிழ்த்தார்.

"பொருந்துற தோட்டாவ எடு. இல்லேன்னா உன் வேலை போச்சு!"

பாவாயி தோட்டாக்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. துடைக்கிற கம்பியைக் குழாய்க்குள் விட்டாள். நாலு விரல் ஆழத்தில் டங்கென்று நின்றது.

"வாராவாரம் இங்கதான் நிக்குது எசமான். உள்ள அடைச்சிருக்கு."

கர்னல் குனிந்து பார்த்தார். "அட, அணிவகுப்பு பழகுறதுக்குன்னே குழாயை அடைச்சுச் செஞ்ச துப்பாக்கி! இது சுடவே சுடாதே!"

"அப்போ... எங்க தாத்தா..."

"பெரிய எசமான் சூரர்தான்," என்றாள் பாவாயி. "நாப்பது பேரையும் துப்பாக்கிக் கட்டையாலேயே அடிச்சுக் கொன்னிருக்காரு!"

மண்டபமே கொல்லென்று சிரித்தது. வேறு வழியில்லாமல் ஜமீன்தாரும் ஆமாமென்று தலையாட்டினார்.