சுனையோரத்துக் கூடாரம்

வெள்ளைப்பாறைக் காட்டுல கோடையிலயும் வத்தாத சுனை ஒண்ணே ஒண்ணுதான். அந்தச் சுனைக்கு ஒரு வழக்கம் உண்டு. குடிச்சா கிளம்பணும்! சிறுத்தையா இருந்தாலும் சரி, முயலா இருந்தாலும் சரி. கரையில படுக்கக் கூடாது. உக்காந்து ஊர்க்கதை பேசக் கூடாது. ஏன்னா, யாராவது நின்னா தண்ணிப் பக்கமே வராத கூச்சக்காரங்க அந்தக் காட்டுல நிறைய.

அதுல பெரிய கூச்சக்காரி சருகுமான். முயல் அளவுதான் இருக்கும். பக்கத்துல ஒரு இலை விழுந்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அதுக்கு அந்த வருஷம் ஒரு குட்டி. தாய் தண்ணி குடிச்சாத்தான் குட்டிக்குப் பால்.

அந்தக் காட்டுலதான் ஒரு குள்ளநரியும் இருந்துச்சு. ஒரு நாள் அது காட்டோரத்து பங்களா வேலிக்குப் போய், உள்ளே இருந்த ரெண்டு நாய்ங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுச்சு. ஒருத்தர் சீசர், தொப்பை தரையைத் தொடற லாப்ரடார். இன்னொருத்தர் டிங்கு, பஞ்சு மூட்டை மாதிரி பொமரேனியன்.

"சார், எத்தனை நாளைக்கு சார் இந்த சோபாவுலயே படுத்துக் கிடப்பீங்க? உங்க பாட்டன் பூட்டன் எல்லாம் காட்டுல வேட்டையாடின வம்சம் இல்லையா? வாங்க சார்! வேட்டை, கூடாரம், காட்டுல உயிர் பிழைக்கற பயிற்சி, எல்லாம் நம்மகிட்டயே இருக்கு. தண்ணிக்கரையிலயே இடம்! ஒரு டின் பிஸ்கட் போதும் சார்!"

"ஆபத்து இருக்குமா?"ன்னு கேட்டுச்சு சீசர்.

"பயங்கர ஆபத்து சார்!"

"அப்ப வர்றேன்! சாயங்காலம் பிஸ்கட் உண்டுதானே?"

"உண்டு சார்!"

எங்கேயோ கிடந்த கிழிஞ்ச தார்ப்பாயை இழுத்துட்டு வந்து, நரி சுனைக்கரையிலயே கூடாரம் போட்டுச்சு. பிஸ்கட் டின்னோட வந்த நாய்ங்க ரெண்டும் கரையை மறிச்சுக் காலை நீட்டிப் படுத்துக்கிச்சு.

மறுநாள் வேட்டை. ஒரு முயலை மலைச்சரிவு பூரா துரத்துச்சுங்க. அது நுரை தள்ளி விழுந்ததும் சீசர் கிட்டப் போய் மோந்து பார்த்துச்சு.

"ச்சீ! முடியா இருக்கு. நமக்கு ஒத்துக்காது. வா டிங்கு, பிஸ்கட் தின்னலாம்!"

"எனக்குக் கோழி வாசம் அடிக்குமே, அந்த பிஸ்கட்!"

பசிச்சுப் புடிச்சிருந்தா அந்த முயலே கோவிச்சுக்காது. இதுங்க விளையாட்டுக்கு ஓடின ஓட்டத்துல, பாவம், அதோட கால் ரெண்டு நாளைக்கு நடுங்குச்சு!

இதுக்கு நடுவுல புதருக்குள்ள சருகுமான் நின்னுக்கிட்டே இருந்துச்சு. கூடாரம் காலியாகும், காலியாகும்னு பார்த்துச்சு. காலையில வந்துச்சு, நாய் குரைச்சுது. அந்தியில வந்துச்சு, நாய் பாடிச்சு. வாய் வறண்டு போச்சு. பால் வத்திப் போச்சு. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துட்டு, எழுந்திரிக்க முடியாம சருகுமேல சாஞ்சுது.

மரத்து மேல இருந்த கரிச்சான் இதைப் பார்த்துச்சு. கரிச்சான்னா கறுப்புப் பறவை, வாலு ரெண்டு பிரியா நீட்டிக்கிட்டு இருக்கும். எந்தக் குரலைக் கேட்டாலும் அச்சு அசலா அப்படியே பேசும். வாய்த்துடுக்கும் அப்படித்தான்.

"என்ன சருகு, பிள்ளை இப்படிக் கிடக்கு?"

"தண்ணி இல்ல அண்ணே. இன்னொரு பகல் போனா தாங்காது."

"போய்க் குடியேன்!"

"பயமா இருக்கு அண்ணே. முயலை என்ன பண்ணாங்கன்னு பார்த்தேன்ல?"

கரிச்சானுக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. நேரா காட்டெருமைகிட்டப் போச்சு.

"பெரியவரே! கரையில கூடாரம் போட்டிருக்கானுங்க. ஒரு முட்டு முட்டித் தள்ளக் கூடாதா?"

காட்டெருமை அசை போட்டுக்கிட்டே சொல்லுச்சு: "எனக்கு வழி விடுறாங்கப்பா. 'வாங்க சார்'னு மரியாதையாப் பேசுறாங்க. நான் குடிச்சுட்டேன். எனக்கென்ன?"

"உங்களுக்கு எல்லாரும்தான் வழி விடுவாங்க! கொம்பு அவ்வளவு நீளம்! புதருக்குள்ள ஒருத்தி பிள்ளையை வச்சுக்கிட்டு நிக்கறாளே, அவளுக்கு யார் வழி விடுறது?"

காட்டெருமை அசை போடறதை மட்டும் நிறுத்துச்சு.

கரிச்சான் நரிகிட்டப் போச்சு. "ஏன்டா நரி! குடிச்சா கிளம்பணும்ங்கறது தெரியாதா உனக்கு?"

"அதெல்லாம் நமக்குண்ணே. இவங்க விருந்தாளிங்க!"

"யார் வீட்டு விருந்தாளிங்க? யார் வீட்டுத் தண்ணியை எடுத்து யாருக்கு வித்த?"

"சும்மா கத்தாதீங்கண்ணே! பாவம், அவங்க இயற்கையை ரசிக்கறாங்க!"

இயற்கையை ரசிக்கறாங்களாம்! இயற்கை புதருக்குள்ள நாக்கு வறண்டு கிடக்கு!

சரி, பயமுறுத்தி விரட்டுவோம்னு கரிச்சான் கூடாரத்துக்கு மேல் கிளையில உக்காந்துச்சு. மரம் அறுக்கற மாதிரி சிறுத்தைக் குரல் கொடுத்துச்சு. கர்ர்ர்... ஹர்ர்ர்... கர்ர்ர்!

முயலெல்லாம் புதருக்குள்ள பாஞ்சுது. மான்கூட்டம் தெறிச்சு ஓடுச்சு. நாய்ங்க?

"ஆஹா! கேட்டியா டிங்கு? புல்லரிக்குதுடா!"

"நரியாரே, இது பேக்கேஜ்லயே சேர்த்தியா, இல்ல தனி பிஸ்கட்டா?"

"சேர்த்திதான் சார்! உங்களுக்காகவே ஏற்பாடு பண்ணது!"

"இன்னொரு தடவை போடச் சொல்லுங்க!"

 பயத்தைக் காசு கொடுத்து வாங்க வந்தவனை எதைக் காட்டிப் பயமுறுத்தறது?

அப்பத்தான் சீசர் பெருமூச்சு விட்டுச்சு. "இந்நேரம் வீட்டுல தட்டு சத்தம் கேக்கும்டா டிங்கு. அம்மா கேட்டுல நின்னு கூப்பிடுவாங்க..."

"ஞாபகப்படுத்தாதண்ணே! நாம இப்ப காட்டு மிருகங்க!"

கரிச்சான் தலையைச் சாய்ச்சுக் கேட்டுச்சு. அடுத்த நொடி சிறகை விரிச்சு பங்களாப் பக்கம் பறந்துச்சு. அங்கே வீட்டம்மா கேட்டுல நின்னு தேடிக்கிட்டு இருந்தாங்க. கையில கரண்டி, தட்டு. கரிச்சான் இருட்டற வரைக்கும் வேலியில உக்காந்து ஒவ்வொரு சத்தத்தையும் காதுல வாங்குச்சு. தட்டு எப்படி அதிருது, குரல் எங்க இழுக்குது, எங்க கொஞ்சுது, எல்லாத்தையும்.

மறுநாள் பொழுது விடிஞ்சுது. நரி கூடாரத்துக்கு முன்னாடி நின்னு நாய்ங்களுக்கு உறுதிமொழி சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்துச்சு. சீசர் நெஞ்சை நிமித்தி, ஒரு காலைத் தூக்கிக்கிட்டு முழங்குச்சு:

"நான் காட்டு ஓநாயின் வாரிசு! பசிக்கு அஞ்ச மாட்டேன்! இந்த இடத்தை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்! எனக்கு வீடு வேண்டாம்! சோறும்..."

டங்! டங்! டங்!

"சீசர் கண்ணாஆஆ! டிங்குக் குட்டீஈஈ! மம்மம் ரெடி! கோழிச்சோறுடா தங்கம்!"

தூக்கின கால் அப்படியே நின்னுச்சு.

"அம்மா!"

"அம்மாவேதாண்ணே!"

ஓநாயோட வாரிசு தார்ப்பாயைத் தலையில மாட்டிக்கிட்டே ஓடுச்சு. டிங்கு அதைத் தாண்டி ஓடுச்சு. கரிச்சான் மரத்துக்கு மரம் முன்னாடி பறந்து, "டங்! டங்! ஆறிப் போகுதுடா தங்கம்!"னு பங்களா கேட்டு வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வந்துச்சு.

"சார்! சார்! பயிற்சி முடியலையே சார்! நாளைக்கு பிஸ்கட்?"ன்னு கத்துச்சு நரி. யாரும் திரும்பிப் பார்க்கல.

சுனைக்கரை காலியாச்சு. புதர் மெல்ல அசைஞ்சுது. சருகுமான் வந்து தண்ணியில வாய் வச்சுது. வயிறு நிறையக் குடிச்சுது. உடனே திரும்பிப் போச்சு. கொஞ்ச நேரத்துல புதருக்குள்ள இருந்து குட்டி சப்புக் கொட்டற சத்தம் வந்துச்சு.

கதை இதோட முடியல.

வெயில் ஏறினதும் நரி தண்ணிக்கு வந்துச்சு. பார்த்தா, கரை முழுக்கக் காட்டெருமை படுத்திருக்கு! பக்கத்துல முயல் கூட்டம் காலை நீட்டிக் கிடக்கு. கரிச்சான் எருமை கொம்பு மேல.

"பெரியவரே, குடிச்சாச்சுன்னா கிளம்பலாமே?"

"கேம்ப் போட்டிருக்கோம் தம்பி!"

"இயற்கையை ரசிக்கிறோம்!"னுச்சு முயல்.

நரி சாயங்காலம் வரைக்கும் முள்ளுப் புதர்ல நின்னுச்சு. நாக்கு வெளியில தொங்குச்சு. "இது நியாயமா? தொண்டை ஒட்டிக்கிச்சு! செத்துருவேன்!"

தட்! தட்! தட்!

எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. சருகுமான்! பொறந்ததுல இருந்து யார் முன்னாடியும் நிக்காத சருகுமான், நட்டநடுக் கரையில நின்னு காலால தரையைத் தட்டுது!

"என் பிள்ளை எழுந்திரிக்க முடியாமக் கிடந்துச்சே, அப்ப எங்கடா போச்சு இந்த நியாயம்?"

நரி தலையைக் குனிஞ்சுது.

"நான் வித்திருக்கக் கூடாது தாயி."

 சருகுமான் காட்டெருமை பக்கம் திரும்புச்சு. "எழுந்திரிங்க பெரியவரே. இவனுக்கும் தாகம்தான்."

காட்டெருமை வெக்கத்தோட எழுந்து வழி விட்டுச்சு. முயலுங்க நகர்ந்துச்சு. நரி ஓடி வந்து தண்ணியில வாய் வச்சுது. கொஞ்சம் குடிச்சு மூச்சு வாங்க நிமிர்ந்தப்ப, காதோரமா ஒரு குரல் கேட்டுச்சு. நரியோட குரல் மாதிரியே, அச்சு அசலா:

"வாங்க சார், வாங்க! குடிச்சாச்சா சார்? கிளம்புங்க சார்!"

கரிச்சான்தான்!

காட்டை ரசிக்கப் போறவன், அந்தக் காட்டுல வாழ்றவனோட தாகத்துக்குக் குறுக்கே கூடாரம் போடக் கூடாது.