பெயர் சொல்லி ஆடும் மைதானம்

மலைமேல் ஒரு கல்லூரி. அந்தக் கல்லூரிக்கு ஒரு கால்பந்து மைதானம். ஐப்பசி பிறந்துவிட்டால் பாதி நாள் அது கண்ணுக்கே தெரியாது. மதியம் மூன்று மணி வாக்கில் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வரும். முதலில் கிழக்கு கோல்கம்பம் மறையும், பிறகு நடுக்கோடு, பிறகு ஆட்களே மறைந்துபோவார்கள். பேச்சுக்குரல் மட்டும் மிச்சமிருக்கும்.

பனிக்காக ஆட்டத்தை நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால் தை மாதம்வரை ஒரு ஆட்டமும் முடியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பனி மூடியதும் நடுவர் நீளமாக ஒரு விசில் ஊதுவார். அதற்குப் பிறகு பந்தை வைத்திருப்பவன் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். பந்தைப் பறிக்கப் போகிறவனும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். வெளியூர் அணிகளுக்கு டாஸ் போடும்போதே இதைச் சொல்லிவிடுவார்கள். முதலில் சிரிப்பார்கள். பத்து நிமிடத்தில் அவர்களும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள்.

இந்த வழக்கம் வந்த நாளிலிருந்து பனிக்குள் யாருக்கும் பெரிய அடி பட்டதில்லை. போன புதன்கிழமை வரைக்கும்.

புதன்கிழமை அரையிறுதி. எதிர் அணி அடிவாரக் கல்லூரி. அவர்கள் முன்வரிசையில் சபீர் என்று ஒரு பையன், பத்தொன்பது வயது, ஒல்லி. அவன் காலில் பந்து போய்ச் சேர்ந்துவிட்டால் அவனாக மனது வைத்தால்தான் திரும்பி வரும். முதல் பாதியில் ஒரு கோல் போட்டான். இரண்டாம் பாதியில் பனி வந்தது, நடுவர் விசில் ஊதினார். "சபீர்... சபீர்..." என்று சொல்லிக்கொண்டே அவன் பனிக்குள் ஓடினான். சொல்லிக்கொண்டே இருந்தவன் "சபீ" என்பதோடு நின்றான். தென்னை மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

நடுவர் தேடிக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சபீர் தரையில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே கட்டியிருந்த ஷின் கார்டு இரண்டாக உடைந்திருந்தது. உள்ளே எலும்பும்தான். யார் அடித்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்காததற்கு நடுவர் எந்த அட்டையைக் காட்டுவார்? ஆட்டம் தொடர்ந்தது. மலைக் கல்லூரி இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. பதினோரு வருடங்களுக்குப் பிறகு இறுதிப் போட்டி. சனிக்கிழமை.

மலைக் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர் மார்சலின் மேடம். நாற்பத்து மூன்று வயது. மாநில அணிக்கு ஆடியவர். அவருக்குத் துணைப் பயிற்சியாளர் அருளப்பன், ஐம்பத்தொரு வயது, முன்னாள் காவல்துறை அணியின் தடுப்பாட்டக்காரர். குருவுக்குத் தாடி இருக்க வேண்டும், சிஷ்யனுக்கு மீசை முளைக்காமல் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? தான் முப்பது வருடம் ஆடிய ஆட்டத்தை இந்த இரண்டு வருடத்தில்தான் கற்றுக்கொண்டேன் என்று அருளப்பன் எல்லோரிடமும் சொல்வார். மனதாரச் சொல்வார். எட்டு வயது இளையவரை நிமிர்ந்து பார்த்து ஒரு சந்தேகம் கேட்க அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் இருந்தது.

அன்று நல்ல வெயில். பையன்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். விமல்ராஜ் என்ற தடுப்பாட்டக்காரன் மட்டும் ஒவ்வொரு பந்துக்கும் "விமல்ராஜ், விமல்ராஜ்" என்று கத்திக்கொண்டே ஓடினான். பளிச்சென்று வெளிச்சம். எதிரில் நிற்பவனின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. அப்போதும் கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

மேடம் அவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அருளப்பனும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பயிற்சி முடிந்து வலையைச் சுருட்டும்போது அருளப்பன் மெதுவாக ஆரம்பித்தார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"யாருமே பார்க்கலைன்னா அது ஃபவுலா?"

"யார் கேக்கறாங்க?"

"சும்மா... பொதுவா."

மார்சலின் மேடம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மூணு மணிக்குப் பனி வந்துரும். அப்ப வாங்க. பதில் சொல்றேன்."

மூன்று மணிக்கு அருளப்பன் போனபோது பனி வந்துவிட்டிருந்தது. மேடம் படிக்கட்டில் உட்கார்ந்து தன் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டிருந்தார். நிதானமாக, ஒவ்வொரு கண்ணியாகக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். இந்த இரண்டு வருடத்தில் மேடம் பூட்ஸ் போட்டு அருளப்பன் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் மேடத்திடம் பந்தோடு போனவர்கள் பந்தில்லாமல்தான் திரும்புவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். சில பேர் நொண்டிக்கொண்டு திரும்புவார்கள் என்றும்.

மேடம் ஒரு பந்தை அவர் பக்கம் உருட்டிவிட்டார்.

"இந்தப் பக்கத்து கோல்ல இருந்து கிழக்கு கோல் வரைக்கும் உருட்டிட்டு வாங்க. அவ்வளவுதான்."

"நீங்க?"

"நானும் உள்ளதான் இருப்பேன். ஆனா என் பேரைச் சொல்ல மாட்டேன்."

"நான் சொல்லலாமா?"

"அது உங்க இஷ்டம்ணே."

சிமெண்டுப் படியில் பூட்ஸின் அடியில் இருந்த ஸ்டட் டக் டக்கென்று கேட்டது. பிறகு புல் அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டது. அதோடு மேடமும் காணாமல் போனார்.

அருளப்பன் சிரித்துக்கொண்டார். எத்தனை மைதானம் பார்த்தவர் அவர்! பந்தைத் தட்டிவிட்டு நடந்தார். பத்தடி போனதும் திரும்பிப் பார்த்தார். கோல்கம்பம் இல்லை. குனிந்து பார்த்தார். பந்து இருந்தது, தன் பூட்ஸ் இருந்தது, அதற்கு மேல் உலகம் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை. நடக்கிறோமா, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்கிறோமா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

வலப்பக்கம் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

நின்றார். பந்தைக் காலுக்கடியில் அமுக்கிக்கொண்டார். ஒன்றுமில்லை. மறுபடி நடந்தார். இப்போது பின்னால் டக், டக். சட்டென்று திரும்பினார். வெள்ளை. முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே, ஒரு சாண் இடம் மட்டும் தனியாகக் குளிர ஆரம்பித்தது. அந்த ஒரு சாணை இத்தனை வருடத்தில் அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. மற்றவர்களுடைய அந்த ஒரு சாண் அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கே பட்டால் எவ்வளவு நேரம் நொண்டுவான் என்று அளந்து வைத்திருந்தார்.

டக்.

"அருளப்பன்!" என்று கத்திவிட்டார்.

கத்திய பிறகுதான் கத்தியது தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. "அருளப்பன்... அருளப்பன்..." சொல்லச் சொல்ல இன்னொரு பயம் வந்து சேர்ந்துகொண்டது. இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் தான் இருக்கும் இடம் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடுமே! அவள் வாயைத் திறக்கப் போவதில்லை. நான்தான் திறந்துகொண்டு போகிறேன். இங்கே வா, இங்கே அடி என்று நானே காட்டிக்கொடுத்துக்கொண்டு போகிறேன். நிறுத்தலாமா? நிறுத்தினால் மட்டும்?

மேடத்தை அவள் இவள் என்று நினைத்துவிட்டதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

நடுக்கோட்டின் சுண்ணாம்பு காலடியில் வந்து போனது. பாதி தூரம்தான் ஆகியிருந்தது. பனிக்குள் அவருடைய பெயர் எங்கேயோ போய் மோதி, இளைத்துப்போய்த் திரும்பி வந்தது. அது அவர் குரல் மாதிரியே இல்லை. ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் குரல் மாதிரி இருந்தது. அருளப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மேடம்! நான் இங்க இருக்கேன் மேடம்! அருளப்பன்! அடிச்சிடாதீங்க!"

பந்து எங்கே விட்டுப்போனது என்று தெரியாது. கையை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடினார். கையில் வலை பட்டது.

கிழக்கு கோல்கம்பத்தில் சாய்ந்தபடி, காலை நீட்டிக்கொண்டு, மார்சலின் மேடம் அவித்த கடலை உரித்துக்கொண்டிருந்தார். மடியில் தோல் குவிந்திருந்தது.

"எப்ப மேடம் இங்க வந்தீங்க?"

"நேரா இங்கதான் வந்தேன்."

"என் பின்னாடி வரலையா?"

"இல்லையே."

"சத்தம் கேட்டுச்சே! டக் டக்குனு!"

"தைல மரத்துல இருந்து தண்ணி சொட்டுதுண்ணே."

அருளப்பன் புல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம். மேடம் ஒரு கை கடலையை அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவன் இப்படித்தான் கத்திக்கிட்டு வந்தான் மேடம்."

"ம்."

"நம்ம ஊரு, நம்ம வழக்கம். டாஸ்ல நான்தான் அவங்களுக்குச் சொன்னேன். பேரைச் சொல்லிக்கிட்டு ஓடுங்கப்பா, ஒண்ணும் ஆகாதுன்னு."

மேடம் கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"இடைவேளையில விமல்ராஜைத் தனியாக் கூப்பிட்டேன். பனி வந்ததும் அவன் பேரைச் சொல்லிக்கிட்டுத்தானடா வருவான், உனக்கு எடம் தெரியுமில்ல, நீ மட்டும் வாயைத் திறக்காம போன்னு சொன்னேன். பந்தைப் பாக்காத, காலைப் பாருன்னும் சொன்னேன். அந்தப் பய முழிச்சான். நான் சொன்னா செய்யணும்னு செஞ்சுட்டான்."

சொல்லி முடித்ததும் அழுதார். ஐம்பத்தொரு வயது ஆள் அழுவதை மறைக்க அந்தப் பனி உதவியாகத்தான் இருந்தது. மேடம் தடுக்கவில்லை, முதுகில் தட்டிக்கொடுக்கவும் இல்லை. அவர் முகமும் இறுகிப்போயிருந்தது.

"நடுவர்கிட்ட எழுதிக் குடுத்தா ஃபைனல் போயிரும் மேடம்."

"போகும்."

"பதினோரு வருஷம்."

"எனக்கும் வலிக்கும்ணே. ரொம்ப வலிக்கும்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வெயில்ல அந்தப் பையன் கத்தும்போதே பாதி தெரிஞ்சிருச்சு. மீதியை நீங்க பொதுவாக் கேட்டீங்க."

இருட்டுவதற்கு முன் அருளப்பன் அலுவலக அறையில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். ஒரு பக்கம்தான். விமல்ராஜ் அதில் ஒரே ஒரு இடத்தில் வந்தான்: நான் சொன்னதைச் செய்தவன் என்று. மேடம் படித்துப் பார்த்து, ஒரு எழுத்தும் மாற்றாமல், கீழே தன் கையெழுத்தையும் போட்டு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் மலை இறங்கினார்கள். பஸ் நிறுத்தத்தில் விமல்ராஜ் நின்றுகொண்டிருந்தான். குளித்துத் தலை வாரியிருந்தான். அவன் கண் வீங்கியிருந்தது.

"நானும் வர்றேன் சார்."

"வரணும்டா. ஆனா இன்னைக்கு இல்ல. முதல்ல நான் போயிட்டு வந்துர்றேன்."

பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. பதினேழு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் விடிகாலைப் பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. அடிவாரத்தில் பனியே இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. எல்லாமே இவ்வளவு பளிச்சென்று தெரிவது அருளப்பனுக்குப் பயமாக இருந்தது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டு வந்தார். மன்னிப்பு என்ற சொல்லில் ஆரம்பித்தால் கேவலமாக இருந்தது. ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம் என்று ஒரு வரி தானாக வந்து நின்றது. அதை நினைத்ததற்கே தன்னை அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் வார்டின் கடைசிக் கட்டில். சுற்றிலும் வெள்ளைத் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். திரைக்குக் கீழே கட்டிலின் சக்கரம் தெரிந்தது. பக்கத்தில் ஒரே ஒரு செருப்பு, வலது கால் செருப்பு மட்டும்.

அருளப்பன் திரைக்கு முன்னால் போய் நின்றார். கை மேலே எழவில்லை. அவருடைய மூச்சுச் சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது. உள்ளே இருந்தவன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்து, முடியாமல், வலியில் முனகினான்.

"யாரு?" என்று கேட்டான் சபீர். குரலில் பயம் இருந்தது. "யாரு அங்க?"

அருளப்பன் திரும்பிப் பார்த்தார். நான்கடி தள்ளி, சுவரோரம், மார்சலின் மேடம் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம்," என்றார் அருளப்பன், கிசுகிசுப்பாக. "எங்க இருந்து ஆரம்பிக்கிறது?"

"நம்ம ஊர்ல எப்படிண்ணே போவோம்? பேரைச் சொல்லிட்டுப் போங்க."