கிழக்கெல்லையைத் தின்ற காளைகள்

கடவுள் புத்தியைப் பங்கு வைத்துக் கொடுத்த அன்று ஊர் உலகமெல்லாம் முண்டியடித்துக்கொண்டு போனது. கள்ளிவலசை அண்ணன் தம்பிகள் மூவரும் மட்டும், கூட்டம் குறையட்டும், நிதானமாகப் போகலாம் என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டமும் குறைந்தது, புத்தியும் தீர்ந்தது. வந்ததற்கு இருக்கட்டும் என்று ஆளுக்கொரு மீசையை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

மூத்தவன் அய்யாவு. நடுவன் கொப்பையா. கடைக்குட்டி தவசி. கடைக்குட்டி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம், அவனுக்கே தலை நரைத்துவிட்டது. மூவரில் அய்யாவுதான் அறிவாளி என்று தம்பிகள் இருவரும் நம்பினார்கள். அய்யாவும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் சொல்ல மாட்டான். துண்டை உதறித் தோளில் போட்டு, வானத்தைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அதற்கப்புறம்தான் தப்பாகச் சொல்வான்.

அப்பன் விட்டுப்போன வயல் ஒன்று அவர்களுக்கு இருந்தது. அதில் ஒரு கிணறு. அந்த வறண்ட பூமியில் கோடையிலும் வற்றாத கிணறு அது ஒன்றுதான். கிழக்குப் பக்கத்து வயல் மாயக்கண்ணனுடையது. அவன் ஒவ்வொரு உழவுக்கும் வரப்பை ஒரு சாண் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான். அய்யாவு அதைப் பார்க்காமல் இல்லை. வயசானால் மனுசன் சுருங்குகிற மாதிரி நிலமும் சுருங்கும் என்று தம்பிகளுக்கு விளக்கம் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான். வரப்பு கிணற்று மேட்டைத் தொட்ட அன்றைக்கு அவன் பெண்டாட்டி சோலையம்மாதான் அலறினாள்.

"ஏங்க, இன்னும் ஒரு உழவு உழுதான்னா கிணறு அவன் பக்கம் போயிரும். கிணறு போச்சுன்னா நம்ம பொழப்பே போச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போயி மாமா பத்திரத்துக்கு நகல் எடுங்க. உங்க மூணு பேரு பேர்லயும் பதிஞ்சு, நாலெல்லையையும் உறுதி பண்ணிக்கிட்டு வாங்க."

அசல் பத்திரத்தைக் கரையான் தின்று பல வருசம் ஆகியிருந்தது. தின்ற கரையானைப் பிடித்துக்கொண்டு போனால் ஆகாதா என்று கொப்பையா கேட்டான். அய்யாவு வானத்தைப் பார்த்து யோசித்து, அந்தக் கரையான் இந்நேரம் செத்துப்போயிருக்கும், அதன் வாரிசுகளுக்கு விவரம் தெரியாது என்று சொல்லிவிட்டான். மூவரும் பஸ் ஏறினார்கள்.

ஆபீஸில் எழுத்தர் அம்மாள் ஒருத்தி அவர்கள் சொன்னதைக் கேட்டாள்.

"ரொம்பப் பழைய பத்திரம். கம்ப்யூட்டர்ல வராது. உங்க நிலத்தைத் தேடித்தான் பாக்கணும். கிடைச்சாக் கூப்புடுறேன், அந்த பெஞ்சுல உக்காருங்க."

அய்யாவு தம்பிகளை இழுத்துக்கொண்டு போனான். பெஞ்சில் உட்கார்ந்து தம்பிகளோடு கலந்தாலோசித்தான்.

"நிலத்தைக் காணோமாம்லடா."

"காலையில நாம வர்றப்பக்கூட இருந்துச்சேண்ணே," என்றான் கொப்பையா.

"காலையில இருந்துச்சு. இப்ப நாம மூணு பேரும் இங்க இருக்கோம். அங்க ஆளில்ல."

"கிடைச்சாக் கூப்புடுறேன்னு சொல்லுதே அந்தம்மா. கிடைக்காட்டி?" என்றான் தவசி. சொன்னவன் அதற்குமேல் உட்காரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து ஓடினான். பஸ்ஸில் போகலாமே என்று அவனுக்கும் தோன்றவில்லை, அண்ணன்மார்களுக்கும் தோன்றவில்லை.

சாப்பாட்டு நேரம் கழிந்து, வாயில் நுரை தள்ள வந்து சேர்ந்தான். "இருக்குண்ணே! அதே இடத்துலதான் கிடக்கு. சந்தேகத்துக்கு ஒரு கை அள்ளிக்கிட்டும் வந்துட்டேன்." துண்டில் முடிந்திருந்த மண்கட்டியை எழுத்தர் அம்மாளின் மேசை மேல் வைத்தான். அய்யாவு எழுந்து கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகச் சொன்னான்.

"நீங்க இனிமேத் தேட வேண்டாந்தாயி. கிடைச்சிருச்சு."

அந்த அம்மாள் மண்ணைப் பார்த்தாள், மூன்று மீசைகளையும் பார்த்தாள். இவர்களை நாளைக்கும் பார்க்க நேர்ந்துவிடுமே என்ற பயத்தில் அன்றைக்கே நகலை எடுத்துக் கையில் கொடுத்தாள். வாசித்தும் காட்டினாள். வடக்கே ஓடை, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே அய்யனார் கோயில் மதில், கிழக்கே முனியன் வைக்கோல் போர். முனியன் என்பது மாயக்கண்ணனின் தாத்தா.

"பத்திரத்துல உள்ளபடி நாலெல்லையும் இருக்கான்னு பாருங்க. நிலத்தை நல்லாத் தெரிஞ்ச சாட்சி ரெண்டு பேரோட வாங்க. பதிஞ்சிரலாம்," என்று கும்பிட்டு அனுப்பினாள்.

ஊருக்கு வந்து பார்த்தார்கள். ஓடை இருந்தது. பாதை இருந்தது. அய்யனாரும் இருந்தார். கிழக்கே வைக்கோல் போரைத்தான் காணோம். அரைப் புத்தி உள்ளவன்கூட, அந்தக் காலத்தில் முனியன் போர் போட்ட மேடு எது என்று தேடியிருப்பான். அந்த மேடு வரப்புக்கு அப்பால், மாயக்கண்ணன் உழுது தின்ற மண்ணையெல்லாம் தாண்டி, ஊருக்கே தெரியும்படி கிடந்தது. நம்மவர்களுக்கு அந்த அரையும் கிடையாது. நேரே மாயக்கண்ணன் வீட்டுக்குப் போனார்கள்.

"மச்சான், உங்க வீட்டு வைக்கோல் போரு எங்க இருக்கோ அதுதான் எங்க கிழக்கெல்லையாம். பத்திரம் சொல்லுது," என்றான் அய்யாவு. "போரைக் கொண்டாந்து வச்சுட்டீங்கன்னா நாங்க பதிஞ்சுக்கிருவோம்."

மாயக்கண்ணன் திண்ணையிலிருந்து இறங்கி வந்தான். "எந்த இடத்துல வைக்கட்டும் மாப்ள?"

"உங்க போரு மச்சான், உங்க இஷ்டம். அதுல நாங்க தலையிடுறது முறையில்ல."

சொல்லிவிட்டுத் தன் பெருந்தன்மையை எண்ணி அய்யாவு தானே பூரித்துப்போனான்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மாயக்கண்ணன் அப்போதே வண்டியைப் பூட்டினான். முழுப் போரையும் பெயர்க்க அவனுக்குச் சோம்பல். இந்த மடையன்களுக்கு இது போதும் என்று கொஞ்சம் வைக்கோலை ஏற்றி வந்து, கிணற்றைத் தாண்டி மேற்கே கொட்டிவிட்டு, மகள் வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

குடத்தோடு வந்த சோலையம்மா பார்த்தாள். "கிணத்துக்கு இந்தப் பக்கம் கொண்டாந்து கொட்டிட்டுப் போயிருக்கான். மூணு பேரும் வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்துக்கிட்டா நின்னீங்க?"

"சும்மா நிக்கல," என்றான் அய்யாவு ரோசத்தோடு. "கைகொடுத்து இறக்கிவிட்டோம்."

சோலையம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "எங்கப்பன் என்னைப் பாழுங்கிணத்துல தள்ளியிருக்கலாம். அந்தக் கிணத்தையாவது நீங்க தூக்கிக் குடுத்திருக்க மாட்டீங்க." அவள் வெறுங்குடத்தோடு வீட்டுக்குப் போனதைப் பார்க்க அய்யாவுக்குத் தாளவில்லை. பெண்டாட்டி மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. முட்டாளுக்கும் ஆசை உண்டு. அதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்பது வேறு சங்கதி.

"போனது போகட்டும்," என்றான். "இனிமே எல்லை ஒரு அடிகூட நகரக் கூடாது. காவல் போடுவோம்."

"நாம காவல் இருந்தாத் தூங்கிருவோமேண்ணே," என்றான் கொப்பையா.

"அதனாலதான் மாட்டைக் கட்டுவோம்னு சொல்றேன். மாடு நின்னுக்கிட்டே முழிச்சிருக்கும்."

செவலை, மயிலை என்று அவர்களுக்கு இரண்டு உழவு மாடுகள். தீவனம் கண்டு நாளான மாடுகள். இரண்டையும் வைக்கோலில் முகம் படும்படி நெருக்கிக் கட்டிவிட்டு, இனிக் கவலையில்லை என்று மூவரும் வீட்டுக்குப் போனார்கள். காதுகுத்துச் சாப்பாடு அங்கே முடிவதற்குள் இங்கே விருந்து முடிந்துவிட்டது. அண்ணன் தம்பிகள் திரும்பி வந்து பார்த்தபோது வயலில் ஒரு துரும்பு மிச்சமில்லை. காவல்காரர்கள் இருவரும் எல்லையை மென்று விழுங்கிவிட்டுப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எல்லை எங்கண்ணே?" என்றான் தவசி.

"பாதி செவலை வயித்துல. பாதி மயிலை வயித்துல."

"அப்ப நம்ம நிலம் எதுவரைக்கும்?"

அய்யாவு துண்டை உதறினான். வானத்தை வெகுநேரம் பார்த்தான். "தடுக்கிறதுக்கு ஒண்ணுமில்லாதப்ப அது எதுக்குடா நிக்கும்? போய்க்கிட்டேதான் இருக்கும்."

"மாயக்கண்ணன் வயலு?"

"நம்மளது."

"பஸ் ஸ்டாண்டு?"

"கிழக்கதான இருக்கு? நம்மளது. ரிஜிஸ்டர் ஆபீஸும் நம்மளதுதான். அதுக்கும் கிழக்க, தொண்டி கடற்கரை வரைக்கும் நம்மளதுதான்."

கொப்பையா தயங்கித் தயங்கிக் கேட்டான். "கடலு?"

"சேச்சே," என்றான் அய்யாவு. "கடல்ல நமக்குப் பாத்தியதை இல்ல. அடுத்தவன் சொத்துக்கு ஆசைப்படக் கூடாது."

மறுநாள் பதிவுக்குப் போனார்கள். சார்பதிவாளர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். "சாட்சிகள் வந்தாச்சா? ஆதார் கார்டு இருக்கா?" என்று நிமிராமலே கேட்டார்.

"கார்டு இல்லீங்கய்யா. கொம்புதான் இருக்கு."

அவர் நிமிர்ந்தார். செவலை அவரைப் பார்த்தது. மயிலை அவர் மேசையிலிருந்த ஒரு மனுவை வாயில் எடுத்தது.

"நிலத்தை நல்லாத் தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க," என்றான் அய்யாவு. "இவுகளவிடத் தெரிஞ்சவுக யாருமில்லீங்கய்யா. அடி அடியா நடந்திருக்காக. கிழக்கெல்லையை ருசிகூடப் பாத்திருக்காக." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இன்னொரு சங்கதி. நீங்க உக்காந்திருக்கிற இந்த இடம் எங்க வயல்ல வருது. அவசரமில்ல. அறுவடைக்குள்ள காலி பண்ணிக் குடுத்தாப் போதும்."

சார்பதிவாளர் பேனாவை மூடி வைத்தார். முழுக்கதையையும் கேட்டார். கேட்கக் கேட்க அவருக்கு இவர்கள் மேல் வந்த எரிச்சலைவிட மாயக்கண்ணன் மேல் வந்த ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. தாலுகா ஆபீஸுக்குப் போன் போட்டுச் சர்வேயரிடம் விவரம் சொன்னார். "அவர் வந்து அளந்து கல் நடுவார். அதோட முடிஞ்சுது. சாட்சிகளை ஓட்டிக்கிட்டுப் போங்க," என்றார்.

சர்வேயர் சொன்னபடி வந்தார். வரைபடத்தை விரித்து, சங்கிலி பிடித்து அளந்து, முனியன் மேட்டில் கொண்டுபோய் எல்லைக்கல்லை நட்டார். கிணறு மீண்டது. மாயக்கண்ணன் இத்தனை வருசமாகத் தின்ற மண்ணெல்லாம் மீண்டது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இந்தக் கல்லு இருக்கிற வரைக்கும் கிணத்தை எவனும் தொட முடியாது. கல்லு போனா மறுபடியும் அவன் கைவரிசையைக் காட்டிருவான். பத்திரமாப் பாத்துக்கங்க," என்று அய்யாவிடம் சொல்லிவிட்டுச் சர்வேயர் போனார். சோலையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அய்யனாருக்குப் பொங்கல் வைக்கப் போனாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

மூவரும் கல்லைச் சுற்றி நின்றார்கள்.

"அண்ணே," என்றான் தவசி. "நேத்து வரைக்கும் தொண்டி வரைக்கும் இருந்துச்சே."

அய்யாவின் கண் கலங்கியது. "மாயக்கண்ணனாவது சாண் சாணாத்தான் எடுத்தான். இந்தப் பாவி ஒரே கல்லுல ஒரு சீமையையே எடுத்துட்டானேடா!"

"பிடுங்கிப் போட்டுருவோமா?" என்றான் தவசி.

"பத்திரமாப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்காருண்ணே," என்று கொப்பையா பயந்தான்.

அய்யாவு தொண்டையைச் செருமினான். "பிடுங்கினாத்தான்டா பத்திரம். இம்புட்டு முக்கியமான கல்லை வெயில்லயும் மழையிலயும் காட்டுல போட்டுட்டுப் போறதுக்குப் பேரா பத்திரம்? ஊர்ல இரும்புக் கதவும் பூட்டும் யார் வீட்டுல இருக்கு?"

மாயக்கண்ணன் வீட்டில்தான் இருந்தது.

மூவரும் மூச்சு வாங்கச் சுமந்துபோய் அவன் வாசலில் இறக்கினார்கள். "மச்சான், இதை உள்ள வச்சுப் பூட்டுங்க. யாரு கேட்டாலும் குடுத்துறாதீங்க. நாங்களே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

"உசுரே போனாலும் குடுக்க மாட்டேன் மாப்ள," என்றான் மாயக்கண்ணன். அவன் ஆயுசில் காப்பாற்றிய வாக்கு அது ஒன்றுதான்.

சோலையம்மா பொங்கல் பானையோடு வந்தபோது கிணற்றைச் சுற்றி மாயக்கண்ணன் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் போட்ட கூச்சலில் ஊரே கூடியது. கூடாதவர்கள் மூன்றே பேர். அவர்கள் களைக்கொத்தும் கட்டுச்சோறுமாகத் தொண்டி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். கடல் பக்கத்திலிருந்து களை எடுத்துக்கொண்டே வந்தால்தான் வேலை முடிகிற நேரத்தில் வீடு வந்து சேரலாம் என்பது அய்யாவின் யோசனை.

பஸ் அவர்கள் வயலைக் கடந்தது. கிணற்றடியில் ஏரோடு நின்ற மாயக்கண்ணன் பஸ்ஸைப் பார்த்துக் கையாட்டினான். அய்யாவும் சன்னல் வழியாகக் கையாட்டினான். பிறகு தம்பிகளின் பக்கம் திரும்பி, மனசு இளகிச் சொன்னான்.

"பாவம்டா மச்சான். நம்ம நிலத்துல, கூலிகூடக் கேக்காம உழுதுக்கிட்டு நிக்கிறாரு."