பாலத்தில் பிடித்தது இரை

சிப்பிமுனையில் கடலுக்குள் முந்நூறு அடி நீளத்துக்கு ஒரு பாலம் நிற்கிறது. விசைப்படகுகள் வந்து அணைவதற்காகக் கட்டியது. கட்டி முடித்து, ரிப்பன் வெட்டி, எல்லாருக்கும் லட்டு கொடுத்த பிறகுதான் படகு அணையும் அளவுக்கு அங்கே ஆழம் இல்லை என்று தெரிந்தது. இன்றுவரை ஒரு படகும் வரவில்லை. ஆனாலும் பாலம் என்று ஒன்று இருக்கும்போது அதைப் பராமரிக்காமல் விட முடியாதல்லவா? பராமரிப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள்.

குழுவில் நான்கு பேர். தலைவர் கஸ்பார், துணைத் தலைவர் வலேரியான், செயலாளர் இஞ்ஞாசி. மீதமிருந்த ரெமிஜியுஸ் உறுப்பினர். ஊரின் மற்ற ஆண்கள் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று ஆழ்கடலுக்குப் போய்விடுவார்கள். இந்த நால்வரை மட்டும் எந்தப் படகும் ஏற்றாது. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. வலேரியானிடம் ஒருமுறை நங்கூரத்தைப் போடச் சொன்னார்கள், போட்டார். கயிறு கட்டும்படி யாரும் சொல்லவில்லை என்பது இன்றைக்கும் அவர் கட்சி.

இப்படிப்பட்ட குழுவின் தலையில் அந்தப் புதன்கிழமை விடியும்போதே ஒரு குடும்பத்தின் நிம்மதி வந்து விழுந்தது.

கஸ்பாரின் மகள் பெர்னதெத் தாய்வீட்டில் பிள்ளை பெற்று எட்டு நாள் ஆகியிருந்தது. அவளுடைய நாத்தனார் ஜெர்மானா போன் செய்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு போட்டால்தான் பால் ஊறும். வியாழக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் வந்து பார்ப்பேன். புட்டு இல்லையென்றால் தாயையும் பிள்ளையையும் இரண்டு மணி பஸ்ஸில் கையோடு கூட்டிப் போய்விடுவேன். சிப்பிமுனையிலிருந்து கடைசி பஸ் அதுதான்.

ஜெர்மானா சொன்னால் சொன்னதுதான். விதி என்றால் அவளுக்கு விதி. பஸ்ஸில் மற்ற இருக்கையெல்லாம் காலியாக இருந்தாலும், 'பெண்கள்' என்று எழுதிய இருக்கையில் இடம் கிடைக்கும்வரை நின்றுகொண்டே வருகிறவள்.

புகுந்த வீட்டில் பதினொரு பேர். அத்தனை பேருக்கும் சமைக்கிறவள் ஒருத்தி. அந்த ஒருத்தி பெர்னதெத்.

"அப்பா, நாப்பது நாளாவது என்னைப் படுக்க விடுங்கப்பா" என்றாள் அவள்.

மூன்று நாளாக பஸ் நிறுத்தத்து மீன்காரிகளிடம் சுறா வரவில்லை. பிடித்துக் கொடுக்க ஊரில் ஆண்களும் இல்லை. கஸ்பார் குழுவைக் கூட்டினார். குழு எழுந்து தொம்மந்திரை வீட்டுக்குப் போனது.

தொம்மந்திரை சுறாத் தூண்டிலில் பேர் போனவர். ஐம்பது வருடம் கடலில் வழுக்காமல் இருந்துவிட்டு, சொந்த வீட்டுக் குளியலறையில் வழுக்கிக் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். வந்தவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இஞ்ஞாசி தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

சுறாவுக்கு முதலில் இரை வேண்டும். அதைப் பாலத்தில் நின்று பிடிக்க வேண்டும். பாலத்தில் பிடிப்பதெல்லாம் இரை. அதில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. (போன வருடம் ரெமிஜியுஸ் இரை முழுவதையும் குழம்பு வைத்துவிட்டார்.) இரை உயிரோடு இருக்க வேண்டும். தொம்மந்திரையின் கைக்கு ஒரு சாணுக்குக் குறையக் கூடாது. பாலத்தின் மேல் பேசக் கூடாது, மீன் ஓடிவிடும். தூண்டில் நூலில் மிதக்கும் கட்டைதான் மிதப்பு. மிதப்பிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. இரை கிடைத்ததும் வள்ளத்தில் கடலுக்குள் போய், அதைத் தூண்டிலில் மாட்டி இறக்க வேண்டும். அங்கே எது வந்து இரையைக் கவ்வுகிறதோ அதுதான் சுறா, அதை வீட்டுக்குக் கொண்டு வரலாம். மிச்ச இரையைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும்.

"புரிஞ்சுதாலே?" என்றார்.

"எழுதியாச்சு அண்ணாச்சி" என்றார் இஞ்ஞாசி.

அன்றே காலை எட்டு மணிக்கு நால்வரும் பாலத்தின் நுனியில் நின்றார்கள். ரெமிஜியுஸ் முள்ளில் இறாலைக் குத்தித் தூண்டிலை வீசினார். நால்வரும் தண்ணீரைப் பார்த்தார்கள். சிறிது நேரத்தில் வலேரியானுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. பாலத்தின் மேல் பேசக் கூடாது. கரைக்குப் போக வேண்டும். கரைக்குப் போனால் கடலுக்கு முதுகைக் காட்ட வேண்டும். கண்ணை எடுக்கவும் கூடாது. ஆகவே நால்வரும் கடலைப் பார்த்தபடியே, முந்நூறு அடியும் பின்பக்கமாக நடந்து கரைக்கு வந்தார்கள்.

மணலில் கால் பட்டதும் வலேரியான் சொன்னார், முள் ரெமிஜியுஸின் சட்டைக் காலரில் மாட்டியிருக்கிறது என்று.

"அப்போ இவ்வளவு நேரமும் எதைப் பார்த்தோம்?" என்று கேட்டார் கஸ்பார்.

"மிதப்பு இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தோம்" என்றார் இஞ்ஞாசி. "அதுல தப்பில்ல."

திரும்பிப் போய் மறுபடி வீசியதில் ஒரு கிழங்கான் மாட்டியது. குடத்துக் கடல்நீரில் அது துள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் சாண் என்பது தொம்மந்திரையின் கைச்சாண். அந்தக் கையோ தொம்மந்திரையிடம் இருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நால்வரும் அரை மைல் நடந்தார்கள். பாதி வழியில் கனம் தாங்காமல் ரெமிஜியுஸ் தண்ணீரைக் கொட்டிவிட்டார், மீனைக் கொட்டவில்லை. தொம்மந்திரை சாண் போட்டுப் பார்த்து, சாணுக்கு மேலேயே இருக்கிறது, போய்த் தொலையுங்கள் என்றார். பாலத்துக்குத் திரும்பியபோது கிழங்கான் செத்திருந்தது. உயிரோடு இல்லாததால் அது இரை இல்லை. அதற்காக இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பாலத்தின் மேல் அது வசதியாகவும் இருந்தது.

இரண்டாவது கிழங்கானும் அதே வழியில் போய் அதே வழியில் திரும்பியது. மூன்றாவது முறை இவர்கள் தெருமுனையில் தெரியும்போதே தொம்மந்திரையின் மனைவி வெளியே வந்தார். தீர்மானப் புத்தகத்தைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய், கணவரின் கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

படத்தில் இருக்கும் கை தொம்மந்திரையின் கையா, குழுவின் கையா என்று ஒரு கேள்வி எழுந்தது. தூண்டிலை வீசிவிட்டு, கம்பைப் பாலத்தின் தூணில் கட்டிவிட்டு, அதைப் பற்றிப் பேச வழக்கம்போல் பின்பக்கமாக நடந்து கரைக்கு வந்தார்கள். பேச்சு சூடாக இருந்தபோது ரெமிஜியுஸ் சொன்னார்:

"மிதப்பைக் காணோம்."

"கண்ணை எடுத்தியா?"

"எடுக்கல. மிதப்புதான் போயிருச்சு."

மிதப்பு போன பிறகு எதைப் பார்ப்பது என்று எழுதிக்கொள்ளாதது இஞ்ஞாசிக்கு வருத்தம்தான். இருந்தாலும் ஓடிப்போய் நால்வரும் சேர்ந்து இழுத்தார்கள். முள்ளில் ஒரு கிழங்கான் மாட்டியிருந்தது. அந்தக் கிழங்கானை ஒரு பால் சுறா விழுங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து மேலே வந்தன. கிழங்கானை விழுங்கி முடித்துவிட்டு, சுறா ரெமிஜியுஸின் கையைக் கடித்தது. ரெமிஜியுஸ் கத்தவில்லை. பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

சுறாவைப் பாலத்தில் கிடந்த ஒரு நீல டிரம்மில் தண்ணீர் ஊற்றி விட்டுவிட்டு, நால்வரும் கரைக்கு வந்தார்கள். ரெமிஜியுஸ் முதலில் கத்தி முடித்தார். பிறகு கூட்டம் தொடங்கியது.

"பார்க்கச் சுறா மாதிரி இருக்கு" என்றார் வலேரியான்.

"மாதிரிதான்" என்றார் இஞ்ஞாசி. "எங்க பிடிச்சோம்?"

"பாலத்துல."

"பாலத்துல பிடிக்கிறதெல்லாம்?"

"இரை."

"என் கையைக் கடிச்சுதே" என்றார் ரெமிஜியுஸ்.

"உயிரோட இருக்குன்னு அர்த்தம். அப்படித்தானே இருக்கணும்?"

கஸ்பார் மட்டும் டிரம் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "ஒருவேளை சுறாவாவே இருந்துட்டா? இதையே வீட்டுக்குக் கொண்டு போனா வேலை முடிஞ்சுதே" என்று மெல்லச் சொன்னார்.

இஞ்ஞாசி புத்தகத்தை மூடினார். "தலைவரே, பிள்ளை பெத்தவளுக்கு இரையைச் சமைச்சுப் போட்டாருன்னு ஊர் பேசணுமா?"

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார்.

தொம்மந்திரையின் படக்கையால் அளந்து பார்த்தார்கள். நாலரைச் சாண். ஒரு சாணுக்குக் குறையக் கூடாது என்றதற்கு நாலரை. இவ்வளவு நல்ல இரை சிப்பிமுனையில் எவனுக்கும் கிடைத்ததில்லை என்று ஏகமனதாக முடிவானது. குழுவின் சொத்து என்பதற்கு அடையாளமாக, கோப்பு கட்டும் சிவப்பு நாடாவை அதன் வாலில் இஞ்ஞாசி கட்டினார்.

மத்தியானம் வலேரியானின் மைத்துனருடைய வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். சுறாவைப் பெரிய முள்ளில் மாட்டி இறக்கினார்கள். அது வள்ளத்தை இழுத்துக்கொண்டு தெற்கே போனது, பிறகு கிழக்கே போனது, பிறகு வட்டமடித்தது. இரை இவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பது நல்ல சகுனம் என்று என்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலு மணிக்குச் சுறா களைத்ததும் தூக்கிப் பார்த்தார்கள். அதன் வயிற்றில், பெரிய மீன்களோடு ஒட்டிக்கொண்டே திரியும் ஒட்டுமீன் ஒன்று, வெண்டைக்காய் நீளத்தில் பற்றிக்கொண்டிருந்தது.

இஞ்ஞாசி வாசித்தார்: அங்கே எது வந்து இரையைக் கவ்வுகிறதோ அதுதான் சுறா.

"கிடைச்சிருச்சு மக்கா" என்றார் கஸ்பார். கண் கலங்கியிருந்தது.

ஒட்டுமீனைப் பிய்த்து வாளியில் போட்டார்கள். அது வாளியில் ஒட்டிக்கொண்டது. மிச்ச இரையை, அதாவது நாலரைச் சாண் பால் சுறாவை, முள்ளைக் கழற்றி மரியாதையாகக் கடலில் விட்டார்கள். திரும்பும் வழியில், இவ்வளவு பயன் தந்த விதிகளைப் பொதுமக்களும் அறிய வேண்டும் என்று தோன்றியதால், பாலத்தின் நுழைவில் ஒரு போர்டு எழுதி வைத்தார்கள்: 'பாலத்தின் மேல் பேசக் கூடாது. மிதப்பிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.' தூண்டிலிலும் ஒரு இறாலைக் குத்தித் தண்ணீரில் விட்டார்கள். மிதப்பு இல்லாமல் அந்தப் போர்டுக்கு என்ன மதிப்பு?

கஸ்பாரின் மனைவி பிரகாசி வாளியைப் பார்த்தார். அந்த வீட்டில் முப்பது வருடம் குடித்தனம் செய்தவர் என்பதால் ஒன்றும் கேட்கவில்லை. வெங்காயத்தைக் கூடுதலாக நறுக்கினார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஜெர்மானா வந்தாள். குழு முழுவதும் அங்கே இருந்தது. பெர்னதெத் பிள்ளையோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒரு மணிக்கு மேல்தான் புட்டு வந்தது. வெங்காயத்தை விலக்கிப் பார்த்தால் அரைக் கரண்டி இருக்கும். ஜெர்மானா வாயில் போட்டாள், மென்றாள், தட்டைக் கீழே வைத்தாள்.

"இது சுறா இல்ல மாமா."

கஸ்பார் செயலாளரைப் பார்த்தார். இஞ்ஞாசி புத்தகத்தைத் திறந்து விதியை வாசித்தார். விதி என்றதும் ஜெர்மானா கொஞ்சம் தயங்கினாள். ஆனாலும் நாக்கு நாக்குதானே.

"உங்க வீட்டை நம்பி வருவேனா? பஸ் ஸ்டாப்புல ஒரு மீன்காரி வச்சிருந்தா. காலையில பக்கத்து ஊர்ல யாரோட வலையிலயோ விழுந்ததாம். சுறான்னா எப்படி இருக்கும்னு பாருங்க." ஒயர் கூடையிலிருந்து தாளில் சுற்றியதை எடுத்து விரித்தாள். "எங்க வீட்டுல வச்சு நானே ஆக்கிப் போட்டுக்கிடுதேன். பெர்னதெத், கிளம்பு. ரெண்டு மணி பஸ்."

நல்ல பால் சுறா. நாலரைச் சாண் இருக்கும். வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தது.

இஞ்ஞாசி குனிந்து முடிச்சைப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சேதான்.

"தலைவரே, இது நம்ம இரை."

"வீட்டுக்குள்ள வந்திருச்சே" என்றார் கஸ்பார். "மன்னிச்சுக்கோ தாயி. இரை வீட்டுக்குள்ள வரக் கூடாது."

ஜெர்மானா பதில் சொல்வதற்குள் ரெமிஜியுஸ் சுறாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டார். பின்னால் மூன்று நிர்வாகிகளும் ஓடினார்கள். மிச்ச இரை கடலுக்குப் போக வேண்டும் அல்லவா? ஜெர்மானா வெறும் கூடையை எடுத்துக்கொண்டு துரத்தினாள். ஊரின் எழுபது வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

குழு பாலத்தின் நுனியில் சுறாவைத் தண்ணீரில் விட்டது. அது மல்லாந்து மிதந்தது. இரை ஓய்வெடுக்கிறது என்று இஞ்ஞாசி எழுதிக்கொண்டார்.

ஜெர்மானா பாலத்தின் நுழைவுக்கு வந்தாள். போர்டைப் பார்த்தாள். நின்று முழுவதும் வாசித்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, கண்ணை, குழு விட்டிருந்த தூண்டிலின் மிதப்பின் மேல் வைத்துக்கொண்டு, முந்நூறு அடி நடந்து வந்தாள். நான்கு பேருக்கும் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது என்பது மூச்சு விட்டதிலேயே தெரிந்தது. கரைப் பக்கம் விரலைக் காட்டினாள். கஸ்பார் தலையசைத்தார்.

ஐந்து பேரும் வரிசையாகப் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள்.

இருநூறு அடி வந்தபோது முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. ஜெர்மானாவின் தோள் துடித்தது. ஆனால் போர்டில் எழுதியிருந்தது எழுதியிருந்ததுதான், கண்ணை எடுக்கவில்லை. ஹாரன் இன்னொரு முறை கேட்டது. பிறகு பஸ் புறப்பட்டு, வளைவில் திரும்பி, சத்தம் தேய்ந்து போனது. வீட்டில் பெர்னதெத் பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள்.

மணலில் கால் பட்டது. பேசலாம். கஸ்பாரும் மற்றவர்களும் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்தார்கள். ஜெர்மானா குனியவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, மிதப்பைக் காணோம்."

"பெரிய இரையா இருக்கும் தாயி" என்றார் கஸ்பார்.