மூன்று தேசத்து முத்திரை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு நாட்டு ராஜாவின் காதில் ஊர்சுற்றி ஒருவன் ஒரு செய்தியைப் போட்டுவிட்டுப் போனான். வடக்குத் தேசத்தில் வண்டி மோதி யாராவது விழுந்தால், வண்டிக்காரனுக்குப் பிணை நிற்பவர்கள் விழுந்தவனைப் பார்த்துக்கொள்வார்களாம். அதற்காக, உடையவன் பேரில் முத்திரை வாங்காமல் வண்டி நகரக் கூடாதாம். மேற்குத் தேசத்தில் முத்திரை ஓட்டுகிறவன் பேரிலாம். தீவுத் தேசத்திலோ யார் மேல் தப்பு என்றே கேட்பதில்லையாம். அடிபட்டவனை அவனுடைய சொந்த முத்திரையே காப்பாற்றுமாம்.

“நாம் மட்டும் என்ன குறைந்தவர்களா? மூன்றும் வேண்டும்!” என்றார் ராஜா.

மந்திரி விசாலராயர் மறுநாளே முத்திரை விற்க மூன்று சாவடிகளைத் திறந்து, மூன்றிலும் தம் மைத்துனர்களை உட்கார வைத்தார். அரக்கு முத்திரை குத்திய முழ நீள மூங்கில் பட்டைகள் மூன்று தொங்காத வண்டியைக் கோட்டைக் காவலர்கள் பிடித்துக் கட்டிவிடுவார்கள். ஒரு வண்டிக்கு வருஷத்துக்கு ஒரே தடவைதான் முத்திரை. அரண்மனை விகடகவி ஐயாறருக்கு அப்போதே அலுத்துவிட்டது. முப்பது வருஷமாக இந்த ராஜாவின் யோசனைகளுக்குப் பின்னால் ஓடி முட்டி தேய்ந்த மனிதர் அவர். இது யார் தலையில் விடியப்போகிறதோ என்று பெருமூச்சு விட்டார்.

விடிந்தது வெள்ளையன் காலில். தெருத் தெருவாக நடந்து அம்மி கொத்துகிறவன். மந்திரியின் தேர் கடைவீதியில் அவனைத் தட்டிவிட்டுப் போனது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. நடந்தால்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கும்.

அவன் மனைவி சிவனாயி மூன்று சாவடியும் ஏறி இறங்கிவிட்டு ஐயாறரிடம் வந்தாள்.

“மொதச் சாவடில, தேருக்கு உடையவர் தேருலயே இல்லை, ஓட்டுனவனப் பாருன்னாங்க சாமி. ரெண்டாவதுல, குதிரை தானா மெரண்டுச்சு, ஓட்டுனவன் என்ன பண்ணுவான்னாங்க. மூணாவதுல, ஒன் வண்டி முத்திரையக் காட்டுங்கறாங்க. நடந்து போற மனுசனுக்கு வண்டி ஏது சாமி?”

ஐயாறர் அவளைச் சபைக்கு அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னார். விசாலராயர் விடுவாரா?

“அரசே, மூன்று தேசமும் மெச்சும் சட்டத்தை ஐயாறர் பழிக்கிறார். அது தங்களையே பழிப்பதாகும்.”

ராஜாவுக்குச் சுருக்கென்றது. “ஐயாறரே, என் சட்டத்தில் குறையே இல்லை. மந்திரியின் தேரிலுள்ள மூன்று முத்திரைகளைக் கொண்டே அவன் காலைச் சரியாக்கிக் காட்டும். கஜானாவைத் தொடக் கூடாது. தவறினால் இனி அரண்மனைப் பக்கம் தலைகாட்டாதீர்.”

தலைகாட்டாமல் இருப்பது ஐயாறருக்கு இனிப்பான யோசனையாகத்தான் பட்டது. வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம். ஆனால் சிவனாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

“உத்தரவு, மகாராஜா” என்றார்.

மூன்றாம் நாள் சபை கூடி வெகுநேரம் கழித்து விசாலராயர் வந்தார். தலைப்பாகை சரிந்திருந்தது, பாதமெல்லாம் புழுதி, மூச்சு வாங்கியது.

“என்ன கோலம் இது, மந்திரி?”

“நடந்து வருகிறேன், அரசே! இந்த ஐயாறர் என் தேரிலிருந்த முத்திரைகளை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். முத்திரை இல்லையென்று என் தேரையே காவலர்கள் பிடித்துக் கட்டிவிட்டார்கள்!”

ஐயாறர் கைதட்ட, நாலுபேர் வெள்ளையனைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். முறிந்த காலைச் சுற்றி மூன்று மூங்கில் பட்டைகள். உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி இறுகக் கட்டியிருந்தது. அரக்கு முத்திரை மூன்றும் சபையைப் பார்த்துப் பளபளத்தன.

“மகாராஜா சொன்னபடி முத்திரையைக் கொண்டே காலைச் சரியாக்குகிறேன். முத்திரை வேறெதற்கும் உதவும் என்று எந்தச் சாவடியிலும் சொல்லவில்லை. எலும்பு ஒன்றுசேர மூன்று மாதம் ஆகும் என்கிறார் வைத்தியர். அதுவரை அவிழ்க்கக் கூடாது.”

“மூன்று மாதமா!” என்று அலறினார் விசாலராயர். “வைத்தியமும் சோறும் என் மைத்துனர்கள் தருவார்கள், அரசே! வேறு பட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள்!”

“தருவார்களா? மூன்று சாவடியிலும் இல்லையென்றார்களே?” என்றார் ஐயாறர்.

ராஜா ஒரு கணம் கட்டிலைப் பார்த்தார், ஒரு கணம் மந்திரியின் பாதத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், “இன்றுமுதல், முத்திரை கொடுத்த சாவடியே அடிபட்டவனுக்குச் சோறு போடவேண்டும், வண்டி இல்லாதவனுக்கும்தான்” என்று உத்தரவிட்டார். “ஐயாறரே, உமக்கு ஒரு தேர் பரிசு!”

“தேர் வேண்டாம், மகாராஜா. மூன்று சாவடியில் நிற்க எனக்குத் தெம்பில்லை. நாளைக்கு ஒருநாள் தாங்கள் புதிதாக எதையும் யோசிக்காமல் இருந்தால் போதும்.”

ராஜா மறுபடியும் சிரித்து, தம் பொன்னாடையைக் கழற்றிப் போர்த்தினார். கட்டில் வெளியே வந்தது. சிவனாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மந்திரியின் முத்திரைப் பட்டையைத் தொட்டுக் கேட்டாள்.

“கட்டை மாத்திட்டு இதைத் திருப்பிக் குடுத்துறலாமா, சாமி?”

ஐயாறர் பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“அரிசி உன் வீட்டுக்கு வந்து சேரட்டும் தாயி. அப்புறம் மாத்திக்கலாம்.”